முஅல்லிம் ஷஹாதே சொன்னது மண்ணா, ஒயரா?

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, சற்று முன் ஓதி எங்கள் நெஞ்சைக் கரைத்த ஷேக் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அரபு ஆசிரியர் உஸ்தாத் ஃபவ்வாஸ் அவர்களே, தஃபீலா மலையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, வாசலை அடைத்துக்கொண்டு பைக்குகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் எங்கள் பயணக் குழுத் தோழர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜரீர். அபூ ராகான் என்றால்தான் பயாதிர் தொழிற்பேட்டையில் தெரியும். டயர் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் மறைந்த முஅல்லிம் ஷஹாதேயின் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரிலும் அவர் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தார். ஒயர் இழுக்க என்று சொல்லிப் போட்டார். கடைசிவரை அதில் ஒயர் எதுவும் வரவில்லை, அவர் குரல்தான் வந்துகொண்டிருந்தது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தெளிவாகப் பேசினார்கள். தஃபீலாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், “கடைசி மூச்சிலும் என் மண், என் மண் என்று சொன்ன மாமனிதர்” என்று முழங்கினார். இந்தக் கூடமே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். ஆனால் அவையோரே, அந்தக் கடைசிச் சொல்லைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் நான். கேட்டவனுக்கே தெளிவு இல்லை! அவர் போன இந்த நாற்பது நாளாக இல்லை! குழம்பிப்போன ஒருவன் மைக்கைப் பிடித்திருக்கிறான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ஷஹாதே? தொழிலில் கைதேர்ந்தவரை நாங்கள் முஅல்லிம் என்போம், அப்படி வந்த பெயர் அது. கடைப் பலகையில் கார் எலக்ட்ரீஷியன் என்று எழுதியிருந்தார். அந்தப் பட்டறையில் ஒரு காரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? நெடுந்தூரம் போகிற பெரிய பைக்குகள்தாம் அங்கே நிற்கும். பாலைவன நெடுஞ்சாலையில் அகபா போகிறவன், சவக்கடல் இறக்கத்தில் இறங்குகிறவன், எல்லை தாண்டி சவூதிக்குள் போகிறவன், எல்லோரும் பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு இவர் வாசலில்தான் வந்து நிற்போம். ஃபாக் லைட், சூடாகும் கைப்பிடி, ஃபோன் சார்ஜர், காற்றடிக்கும் பம்ப், லாரிக்காரன் வைக்கிற ஹாரன். “இன்னைக்கே மாட்டிக் குடுங்க முஅல்லிம், நாளைக்குக் கிளம்பணும்” என்போம். அவர் பையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

“மாட்டுறது பெரிய வேலையா? எந்த வழியா ஒயரைக் கொண்டுபோறதுன்னு யோசிக்கத்தான் நேரம் வேணும். நீ போய் டீயைக் குடி. இங்க நின்னு என் மூஞ்சியப் பாக்காத.”

டேங்கைக் கழற்றுவார். அதன் அடியில் ஒயரைப் படுக்கவைப்பார், சூடான எஞ்சின் பக்கம் ஒரு நூலும் போகாது. ஹாண்டில் பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்காவது ஒயர் இழுபடுகிறதா என்று. சாமான் ஒன்றுக்கு ஃபியூஸ் ஒன்று. சாவியை எடுத்தால் எல்லாம் அணைய வேண்டும், சாவியைப் போட்டால் எதுவும் தானாக எரியக் கூடாது. இதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, எனக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒயர் நிறத்தில் மட்டும் மனிதர் பிடிவாதக்காரர்! உலகமெல்லாம் சிவப்புக்கு ஒரு பொருள், கறுப்புக்கு ஒரு பொருள். இவருக்கு எல்லாமே கறுப்பு. “இந்த வெயில்ல சிவப்பும் மஞ்சளும் எத்தனை நாளைக்கு? வெளுத்துப் போனா எல்லாம் ஒண்ணுதானே? கறுப்பு மட்டும்தான் கறுப்பாவே இருக்கும்” என்பார். எது எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. இப்போது எங்கள் குழுவில் எவன் சீட்டைத் தூக்கினாலும் உள்ளே ஒரு கறுப்புக் காடு. அவர் பணியைத் தொடர்வோம் என்கிறோமே, இதில் எந்த ஒயரைப் பிடித்துத் தொடர்வது? சொல்லுங்கள் அவையோரே!

உஸ்தாத் ஃபவ்வாஸ் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று சொல்லியாக வேண்டும். உஸ்தாத் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். முன்னால் நான்கு விளக்கு, கைக்குச் சூடு, நெஞ்சுக்குச் சூடு, வண்டிக்கு அடியில் ஓடுகிற நீல விளக்குச் சரம். ஷஹாதே எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

“உஸ்தாதே, இது பைக்கா, கல்யாண மண்டபமா? பொண்ணு மாப்பிள்ளை எங்க உக்காருவாங்க?”

“முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க.”

“முடியும். மன்சஃப் கறிச்சோத்துத் தட்டு ஒண்ணுதான், சுத்தி நிக்கிறவன் பத்துப் பேரு. எல்லாரும் ஒரே நேரத்துல கைய வச்சா கடைசி ஆளுக்கு எலும்புதான். பைக்குல கரன்ட் அவ்வளவுதான் ஊறும். ஒண்ணு கை சூடாகும், இல்லன்னா நீல லைட்டு எரியும். எது வேணும்?”

ஒரே சுவிட்சில் இரண்டையும் வைத்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் தள்ளினால் சூடு, அந்தப் பக்கம் தள்ளினால் நீலம். அன்றிலிருந்து உஸ்தாத் பனிக்காலத்தில் விரல் விறைக்க விறைக்க நீல வெளிச்சத்தில் போகிறார். சிரிக்கிறீர்கள், உஸ்தாதும் சிரிக்கிறார். ஷஹாதேயின் பெயரைச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும், நாம் என்ன செய்வது?

அவர் தவறே செய்யாதவரா? செய்தார்! என் வண்டியிலேயே செய்தார். ஜூலை மாதம், சவக்கடல் ஓரம், எதிரே ஆட்டு மந்தை. ஹாரனை அழுத்துகிறேன், சத்தம் வரவில்லை, கைப்பிடி கொதிக்கிறது! எல்லாம் கறுப்பு ஒயர் அல்லவா, இரண்டை மாற்றிப் போட்டுவிட்டார். ஃபோன் செய்து கத்தினேன். அவர் கேட்டார், “ஆடு நகந்துச்சா இல்லையா?”

ஆனால் ராஸ் அன்னகப் மேட்டில் மூடுபனி இறங்கிய அந்தப் பெருநாளை யார் மறப்பது? எங்கள் குழுவின் ரீமா, மருந்துக் கடை ரீமா, இங்கேதான் இருக்கிறாள். அவள் வண்டியில் வேறு யாரோ மாட்டிக் கொடுத்த விளக்குகள் அந்தப் பனியில் மினுக்மினுக்கென்று செத்தன. ஷஹாதேதான் புதுச் சட்டையோடு பிக்கப்பில் போனார். பெருநாள் விருந்து அவர் வீட்டில் ஆறிக் கிடந்தது. போய்ப் பார்த்தால், எர்த் ஒயரைப் பெயின்ட் மேலே முடுக்கி வைத்திருக்கிறார்கள். சாலையோரத்தில் உட்கார்ந்து பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே திட்டினாராம். “விருந்துக்குக் கூப்பிட்டவனைக் கதவுக்கு வெளிய உக்கார வச்ச மாதிரி வச்சிருக்கான் பாரு! போன கரன்ட்டு திரும்பி வர வேணாமா? வழி இல்லாம அது எங்க போகும், பாவம்?” கரன்ட்டுக்குப் பாவம் பார்த்த மனிதரை நீங்கள் வேறெங்காவது கண்டீர்களா?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுப் பயனில்லை.

வியாழக்கிழமை. மறுநாள் காலை குழு அகபா கிளம்ப வேண்டும். பட்டறையில் ரீமாவின் வண்டி, டேங்க் கழற்றிய நிலையில். புதிய ஃபாக் லைட், கைப்பிடி, சார்ஜர் மூன்றும் மாட்டியாயிற்று, எர்த் சரிபார்ப்பதுதான் பாக்கி. அதை அவர் எப்படிப் பார்ப்பார் என்று பட்டறைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீட்டரின் கம்பியை ஒயரில் வைப்பார். பின்னால் ஒருவர் மீட்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் “அல் அர்தி?” என்று கத்துவார், எர்த் என்ன ஆச்சு என்று. முள் ஒழுங்காக நின்றால் நாம் “ஸாலிம்!” என்று பதில் கொடுக்க வேண்டும், பழுதில்லை என்று. அர்தி, ஸாலிம். அர்தி, ஸாலிம். என் சுவர் ஓட்டை வழியாக நாள் முழுக்க இதுதான் பாட்டு.

அன்று மீட்டரைப் பிடித்திருந்தவள் ரீமா. என் கடையில் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அலறியது எனக்குக் கேட்டது. ஓடினேன். ஷஹாதே முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து கிடந்தார், நெஞ்சில் ஒரு கை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். அவர் கண்ணால் ஃபோனைக் காட்டினார். ரீமா அவர் வீட்டுக்குப் போட்டு அவர் காதோரம் வைத்தாள். உதடு அசைந்தது. நான் குனிந்தேன். கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான். அர்தி... ஸாலிம்.

மீட்டரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து ரீமா, “ஆமா முஅல்லிம், ஸாலிம்தான், ஸாலிம்தான்” என்று அழுதுகொண்டே சொன்னாள். அவர் கண்ணை மூடினார். அவ்வளவுதான், போய்விட்டார்!

துக்க வீட்டில் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னார் என்று. கேட்டதைச் சொன்னேன். அர்தி, ஸாலிம். சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. பட்டறைக்காரன் காதுக்கு அர்தி என்றால் எர்த் ஒயர். வீட்டுக்காரர் காதுக்கு அர்தி என்றால் என் மண், என் நிலம். பட்டறைக்காரனுக்கு ஸாலிம் என்றால் பழுதில்லாதது. வீட்டுக்காரருக்கு ஸாலிம் என்றால் யார்? ஷஹாதேயின் உடன்பிறந்த அண்ணன்! தஃபீலாவில் தகப்பன் விட்டுப்போன ஒலிவத் தோட்டத்தில் தம்பி பங்கையும் சேர்த்து வளைத்து வேலி போட்ட அண்ணன்! வேலி விழுந்த வருடத்திலிருந்து ஷஹாதே ஒலிவ அறுப்புக்கு ஊருக்குப் போகவில்லை, அண்ணனோடு ஒரு சொல் பேசவில்லை.

இப்போது புரிகிறதா அவையோரே? நான் ஒயரைப் பற்றிச் சொன்னதாக நினைத்தேன். அவர்கள் காதில் விழுந்தது, சாகப்போகிற ஒருவன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “என் நிலம்டா ஸாலிம்!” என்று கேட்டது.

அன்றே தஃபீலா முழுக்கப் பரவிவிட்டது. ஸாலிம் துக்கம் கேட்க வந்தார், அவருக்கு ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. நீட்டிய கையைப் பங்காளிகள் பிடிக்கவில்லை. ஷஹாதேயின் மகன் லைத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்றும் வந்திருக்கிறார். பாருங்கள், கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

அவர் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். அதை நான் இங்கே சொல்ல நினைக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அகன்ற தோள், விவசாயி கை.

“அபூ ராகான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் ‘அல்’ சொன்னானா?”

“என்ன அல்?”

“அல் அர்தின்னா உங்க ஒயருன்னு சொல்றாங்க. அல் இல்லாம வெறும் அர்தின்னா என் மண்ணுன்னு அர்த்தம். அந்த ‘அல்’ இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? எம் பொண்டாட்டிகூட என்னைப் பாத்து, சாகும்போது தம்பி உங்களைச் சபிச்சுட்டுப் போயிட்டாருங்கறா.”

ஒரே ஓர் ‘அல்’லைப் பிச்சை கேட்டு ஒரு மனிதன் என் கடை வாசலில் நின்றான்! நான் என்ன சொல்வேன்? கம்ப்ரஸர் ஓடியதென்று சொன்னேன். அவர் போய்விட்டார். நான் அன்று முழுக்க எந்த டயரையும் தொடவில்லை.

உஸ்தாத் ஃபவ்வாஸிடம் போனேன், படித்தவராயிற்றே என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அல் இருந்தால் அர்தி எழுவாய், ஸாலிம் பயனிலை. எர்த் பழுதில்லை என்று ஆகும். அல் இல்லாவிட்டால் ஸாலிம் விளி. அண்ணனைக் கூப்பிடுகிறார்” என்றார். சரி உஸ்தாத், இருந்ததா இல்லையா என்றேன். “அதை இலக்கணம் சொல்லாது. அதைக் காதுதான் சொல்ல வேண்டும்” என்றார். என் காதை நான் என்ன செய்ய?

பிறகு ரீமாவிடம் கேட்டேன். அவள் இன்னும் குழப்பினாள். “அபூ ராகான், அன்னைக்கு அவரைத் தூக்கிட்டுப் போனப்புறம்தான் நான் எர்த்தைப் பாத்தேன். மாட்டவே இல்ல. ஒயர் நுனி வளையம் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மாட்டாத எர்த்தை எப்படி ஸாலிம்னு சொல்லுவார்?” என்றாள். அப்படியானால் ஒயரைச் சொல்லவில்லை, நிலத்தைத்தான் சொன்னார் என்று ஆகிறதே! அல்லது, மாட்ட மறந்ததை ஞாபகப்படுத்தினாரா? அல்லது கேள்வியும் பதிலும் அவரே சொல்லிக்கொண்டாரா, பழக்க தோஷத்தில்? நாற்பது நாளாக நான் இந்தச் சுழலில் கிடக்கிறேன். அந்த வண்டியும் அப்படியே டேங்க் இல்லாமல் பட்டறையில் நிற்கிறது. தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அவையோரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை முகம் கழுவும்போது ஒரு முடிவு செய்துகொண்டு வந்தேன். மேடையில் ஏறுவது, ‘அல்’ இருந்தது, என் காதால் கேட்டேன், சத்தியம் என்று சொல்வது, இறங்குவது. ஸாலிம் இரவில் தூங்கட்டும் என்று. ஏறினேன். இதோ நிற்கிறேன். வாய் வரவில்லை! ஷஹாதேயின் மேடையில் நின்றுகொண்டு ஷஹாதே சொல்லாததை எப்படிச் சொல்வேன்? அதே சமயம், சொல்லாமல் இறங்கினால் அந்தக் கடைசி வரிசை மனிதரை எந்த முகத்தோடு கடந்து போவேன்? லைத், மகனே, உன் அப்பா இருந்திருந்தால் மீட்டரைக் கொண்டுவா என்றிருப்பார். மனிதன் சொன்னதை எந்த மீட்டரில் வைத்துப் பார்ப்பது?

என்ன சத்தம் அங்கே? பெண்கள் பக்கம் யாரோ எழுந்திருக்கிறார்கள். உம்மு லைத்! ஷஹாதேயின் துணைவியார்! மைக்கை அந்தப் பக்கம் நீட்டுங்கள், ஒயர் எட்டும்.

(திரைக்கு அப்பாலிருந்து உம்மு லைத்:)

“அபூ ராகான், போதும், நிறுத்துங்க. உஸ்தாத்துகிட்ட கேட்டீங்க. ரீமாகிட்ட கேட்டீங்க. அந்த ஃபோனுக்கு இந்தப் பக்கம் யாரு காது இருந்துச்சு? என்னை யாராவது கேட்டீங்களா?”

இல்லை. யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொல்லுங்கள் அம்மா.

“அவர் அர்தின்னு சொல்லல. ராதின்னு சொன்னார். ‘ராதி ஸாலிம்.’ ஸாலிமைச் சமாதானம் பண்ணுன்னு என்கிட்ட சொன்னார்.”

அம்மா, என் காதில் அர்தி என்று...

“உங்க காதுல அப்படித்தான் விழும். ஒயரைப் பல்லால கடிச்சு உரிச்சு உரிச்சு முன்பல்லு ரெண்டும் போச்சுல்ல? அதுலேருந்து ‘ரா’ன்னு தொடங்குற ஒரு வார்த்தைகூட அவர் வாயில நேரா வந்ததே கிடையாது. முன்னாடி ஒரு ‘அ’ சேந்து ‘அர்’னு ஆயிடும். உங்களையே எப்படிக் கூப்பிடுவார், யோசிச்சுப் பாருங்க.”

அபூ அர்கான்! ஆமாம் அவையோரே, அபூ அர்கான் என்றுதான் கூப்பிடுவார்! கிண்டல் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கிண்டல் என்று நினைத்துப் பதிலுக்கு நானும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். யா அல்லாஹ்!

உஸ்தாத் ஃபவ்வாஸ் ஏதோ சொல்ல எழுகிறார். “அப்படியானால் இது ஏவல் வினை” என்கிறார். உஸ்தாத், தயவுசெய்து உட்காருங்கள்.

உம்மு லைத், ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக நினைக்கக் கூடாது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

“கோவம். வேற என்ன? இவ்வளவு வருஷம் சோறு போட்டவ நான். போற நேரத்துல ஃபோன் போட்டு, என்கிட்ட அண்ணனைப் பத்தியா பேசணும்? எம் பேரை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? உம்மு லைத்துன்னு கூப்பிட்டிருக்கலாம்ல? இவங்க எல்லாம் மண்ணு மண்ணுன்னு சொன்னாங்க. சொல்லட்டும்னு விட்டுட்டேன். அந்த மனுஷன் வேலி போட்டவர்தானே, கொஞ்சம் வேகட்டும்னு நெனச்சேன். இன்னைக்கு அவர் அந்தச் செருப்புக்கிட்ட உக்காந்திருக்கறதைத் திரை இடுக்குல பாத்தேன். எனக்கே தாங்கல.”

மைக் மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. என்ன சொல்வேன்? பல் போன வாயும் கம்ப்ரஸரும் சேர்ந்து என்னவெல்லாம் செய்துவிட்டன! அம்மா கேட்டது சரியாக இருக்கலாம். நான் கேட்டதும் சரியாக இருக்கலாம். ஷஹாதே வந்து சொன்னால் ஒழிய எனக்கு இது தீராது. எனக்கு இப்போதும் குழப்பம்தான்.

கடைசி வரிசையில் காபி ஊற்றுகிறவர் நிற்கிறார். ஸாலிம் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. தரையில் வைத்துவிட்டார்! இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். அவருக்குக் கேட்க ஒன்று இருக்கிறது, வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொண்டு குடி என்று சொல்லும்வரை அந்தக் காபி அங்கேயே இருக்கும். சொல்லுங்கள் ஸாலிம். எழுந்து சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

(கடைசி வரிசையிலிருந்து ஸாலிம்:)

“எனக்குப் பேசத் தெரியாது. அவன் என்ன சொன்னான்னு இனிமே யாரும் தேட வேணாம். மண்ணுன்னு சொல்லியிருந்தா, நாளைக்குக் காலையில வேலியப் பிடுங்கிடுறேன், லைத் வந்து நின்னு பாக்கட்டும். சமாதானம்னு சொல்லியிருந்தா, தம்பி பொண்டாட்டி முன்னாடி தலை குனிஞ்சு நிக்கிறேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் ரெண்டையும் செய்யிறேன். ஒயருன்னு சொல்லியிருந்தா... ஒயரைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? அதை நீங்க பாத்துக்கங்க.”

பார்த்துக்கொள்கிறோம் ஸாலிம்! இந்த அவை சாட்சியாக, எங்கள் பயணக் குழுவின் சார்பில் உறுதி சொல்கிறேன். அந்த ஒயரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்! ரீமாவின் வண்டியில் தொங்குகிற அந்த வளையத்தைப் பெயின்ட் சுரண்டி முடுக்குவோம். எங்கள் ஒவ்வொரு வண்டியின் கறுப்புக் காட்டையும் ஒவ்வொரு ஒயராகத் தடவித் தடவித் தெரிந்துகொள்வோம். தவறாக மாட்டுவோம், கை கொதிக்கும், ஹாரன் கத்தாது, ஃபியூஸ் போகும். போகட்டும்! வேறு ஃபியூஸ் போடுவோம். அவருடைய பட்டறைக் கதவு மூடாது. என் டயர் கடையைப் பாதி நாள் மூடியாவது அதைத் திறந்து வைப்பேன். இது என் வாக்கு.

ஸாலிம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். லைத், வீட்டுக்குத் தலைவன் இப்போது நீ. அந்தக் கோப்பைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். என்னைப் பார்க்காதே. எனக்கு எதுவும் தெரியாது என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேனே... அவன் தாயைப் பார்க்கிறான். சரி, அதுதான் சரி. மைக்கை மறுபடி அந்தப் பக்கம் கொடுங்கள்.

(உம்மு லைத்:)

“அவர் சொன்னதுக்காகச் சொல்லல மச்சான். அவர் என்ன சொன்னாரோ, அது அவரோட போகட்டும். நான் சொல்றேன். முன்னாடி வந்து உக்காருங்க. காபியக் குடிங்க.”